காற்று வந்த வழி

பொழுது விடிந்து நாலாவது ரப்பர் மரத்தில் இருளாயி கத்தியை வைத்தபோது லூமுட் கடல் பக்கமிருந்து ஓர் இரைச்சல் எழுந்தது. மழை வருகிறது என்றுதான் நினைத்தாள். பால் வடியும் மங்குக் கிண்ணத்தில் தண்ணீர் விழுந்துவிடக் கூடாதே என்று அதைக் கவிழ்க்கக் குனிந்தாள். அந்த நேரத்தில் அடுத்த வரிசை மரத்தின் தலை முறிந்து அவள் முதுகுக்கு மேலாகப் பறந்து போயிற்று. அதன் பிறகு அவள் நிமிரவில்லை. பக்கத்திலிருந்த வடிகால் பள்ளத்துக்குள் உருண்டு, முகத்தை மண்ணில் அழுத்திக்கொண்டு, இரண்டு கையாலும் தலையைப் பொத்திக்கொண்டு கிடந்தாள்.

கால் மணி நேரம் இருக்கும். எழுந்து பார்த்தபோது, நட்ட நடுப்பகலிலும் இருண்டு கிடக்கும் நாலாம் நம்பர் காட்டில் வானம் தெரிந்தது. மேற்கு எல்லையிலிருந்து வெள்ளைக்காரத் துரையின் பங்களா வரைக்கும், பத்து மாட்டு வண்டிகள் சேர்ந்து போகிற அகலத்துக்கு ஒரு பாதை விழுந்திருந்தது. அந்தப் பாதையில் நின்ற ரப்பர் மரமெல்லாம் கிழக்கே தலை வைத்துப் படுத்திருந்தன.

ஆள் யாரும் சாகவில்லை. பக்கத்து வரிசையில் வெட்டிக்கொண்டிருந்த மங்களத்துக்கு இடது கை முறிந்தது, அவ்வளவுதான்.

இது நடந்தது 1925ஆம் வருஷம், ஆவணி மாதம். மலாயாவில், சித்தியவானுக்கு ஆறேழு கட்டை, அதாவது ஆறேழு மைல் தள்ளி இருந்தது ஆனைக்கல் தோட்டம். இருளாயி பதினாறு வயதில் அங்கே வந்தவள். பதினாலு வருஷமாகப் பால் வெட்டுகிறாள். அவள் கத்தி பட்டையோடு நின்றுவிடும், மரத்தின் எலும்பைத் தொடாது என்று எல்லோருக்கும் தெரியும். புதிதாக வருகிறவர்களை அவள் வெட்டிய மரத்தைப் பார்த்துவிட்டு வரச் சொல்லிக் கங்காணியே அனுப்பியிருக்கிறார்.

அதே கங்காணி உடையப்பன் மூன்றாம் நாள் விடியலில், ஆள் கூப்பிடும் பெரட்டுக் களத்தில், ஒரு கூடையைத் தரையில் வைத்தார்.

"நாலாம் நம்பர்ல வெட்டுற பன்னெண்டு பேரும் முன்னால வாங்க. கத்தியக் கூடையில போடுங்க."

"எதுக்குங்க?" என்றாள் இருளாயி.

"எதுக்கா? இருநூத்தி முப்பது மரம் போச்சு. ஆழமா வெட்டி, மரத்துக்கு மரம் காயம் போட்டு வச்சிருக்கீங்க. லேசா காத்தடிச்சதும் முறிஞ்சிருச்சு. துரை ஈப்போக் கம்பெனிக்கு அப்பிடித்தான் எழுதியிருக்காரு. இனிமே பன்னெண்டு பேரும் புல்லு வெட்டத்தான்."

"லேசான காத்தா? அன்னிக்கி நீங்க எங்க இருந்தீங்க?"

"ஸ்டோருக்குள்ள இருந்தேன்."

"கதவப் பூட்டிக்கிட்டு," என்று பின்னாலிருந்து யாரோ சொன்னார்கள். களத்தில் சிரிப்பு எழுந்து அடங்கியது. உடையப்பன் கூடையைக் காலால் அவள் பக்கம் தள்ளினார்.

கத்தி போவது சின்ன விஷயமில்லை. கத்தி போனால், உன் வேலை உனக்குத் தெரியவில்லை என்று ஊருக்கு முன்னால் சொன்னதாக அர்த்தம். இருளாயி கத்தியைக் கூடையில் போட்டாள். 

உண்மைக் காரணம் பன்னிரண்டு பேருக்கும் தெரியும். மேற்கு எல்லையில் முன்பு ஒரு பட்டையாகப் பெருங்காடு இருந்தது. கடல் காற்று அதில் மோதி, பாதி பலம் இழந்துதான் தோட்டத்துக்குள் வரும். போன வருஷம் துரை அந்தக் காட்டை வெட்டி, ஈயச் சுரங்கத்து விறகுக்காக தவுக்கே என்று சொல்கிற ஒரு சீன முதலாளிக்குக் கொடுத்துவிட்டார். கம்பெனிக்குத் தெரியாமல் கொடுத்தார் என்று ஸ்டோரில் பேச்சு. காடு இருந்த இடம் இப்போது திறந்த வாசல். அதன் வழியாகத்தான் காற்று நுழைந்தது.

பத்து நாளில் கம்பெனியின் பெரிய துரை ஈப்போவிலிருந்து பார்வையிட வருகிறார் என்றும், அதற்குள் விழுந்த மரங்களை அறுத்துப் புகைக் கொட்டகைக்கு விறகாக அடுக்கிவிட வேண்டும் என்றும் உத்தரவு வந்தது. அன்று சாயங்காலமே ரம்பச் சத்தம் கேட்டது.

"மரத்தையே எரிச்சிட்டா அவரு வந்து என்னத்தப் பாப்பாரு?" என்று இருளாயி புருஷனிடம் கேட்டாள். அவன் பெயர் ஐயாவு. ரப்பர் ஷீட்டுகளுக்குப் புகை போடும் கொட்டகையில் அவனுக்கு வேலை.

"விட்டுத் தொலை. புல்லு வெட்டுனா சோறு எறங்காதா?"

"பதினாலு வருஷம் வெட்டியிருக்கேன். ஒரு காயத்தக் காட்டச் சொல்லு, நானே என் கைய வெட்டிக்கிறேன்."

"அவங்க எழுதிட்டாங்க. ஒனக்கு எழுதத் தெரியுமா?"

"தெரியாது," என்றாள். அடுப்பில் அணைந்து கிடந்த ஒரு கரித்துண்டை எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.

பெரட்டுக் களத்தைப் பார்த்தபடி, கூலிகள் குடியிருக்கும் முதல் லயத்தின் பக்கச் சுவர் நின்றது. பலகைச் சுவர், மேலே சுண்ணாம்பு. அதன் முன்னால் நின்றபோதுதான் அவளுக்கு ஒன்று உறைத்தது. மரம் வரையலாம், ஆள் வரையலாம். காற்றை எப்படி வரைவது?

முதலில் மேற்குப் பக்கமிருந்து சுருள் சுருளாகக் கோடுகள் இழுத்தாள். சாயங்கால நேரம், கூட்டம் கூடிவிட்டது. கையில் மூங்கில் பத்தை கட்டியிருந்த மங்களம் தலையைச் சாய்த்துப் பார்த்தாள்.

"என்னக்கா, இடியாப்பம் புழியிறியா?"

எல்லோரும் சிரித்தார்கள். இருளாயி ஈரச் சாக்கால் அழித்துவிட்டு, கன்னத்தை உப்பி ஊதுகிற ஒரு முகம் போட்டாள். அது அப்படியே உடையப்பன் கங்காணி மாதிரி வந்து தொலைத்தது. இந்தத் தடவை சிரிப்பில் லயமே குலுங்கியது. அதையும் அழித்தாள்.

மறுநாள் புல் வெட்டி முடித்த கையோடு நாலாம் நம்பருக்குப் போனாள். பாதி மரங்களை அறுத்துவிட்டிருந்தார்கள். மீதி கிடந்தவற்றின் நடுவே போய் உட்கார்ந்தாள். அன்று நான் என்ன பார்த்தேன் என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். காற்றை அவள் பார்க்கவே இல்லை. அது யார் கண்ணுக்கும் படவில்லை. பார்த்ததெல்லாம் அது எதை என்ன செய்தது என்பதைத்தான். அப்படியானால் காற்றை வரைய வேண்டியதில்லை, பட்டவர்களை வரைந்தால் போதும்.

சுவருக்குத் திரும்பி வந்து மரத்துக்கு ஒரு கோடு, தலைக்கு ஒரு வட்டம் என்று போட ஆரம்பித்தாள். கிழக்கே சாய்ந்த ஒரு கோடு போட்டதும் தள்ளி நின்று பார்த்தாள். அது யாரோ கோடாலியால் சாய்த்த மரம் மாதிரி இருந்தது. ஐந்து மரம் போட்டாள். பத்தாவது மரமும் அதே பக்கம் சாய்ந்தபோது, பார்க்கிறவளின் தோளையே யாரோ தள்ளுவது போலிருந்தது. கை தவறி ஒரு மரத்தை எதிர்ப்பக்கம் சாய்த்துவிட்டாள். உடனே படத்திலிருந்த காற்று நின்றுபோயிற்று. அதை அழித்துச் சரியாகச் சாய்த்தாள். மறுபடி அடித்தது.

பிறகு கை தானாக ஓடியது. பாதையின் ஓரத்து மரங்களுக்கு நுனியை மட்டும் வளைத்தாள். இன்னும் தள்ளி இருந்தவற்றை நேராக நிற்கவிட்டாள். அப்போது காற்றின் அகலம் தெரிந்தது. கொடியில் காய்ந்த சேலையைக் கிடைமட்டமாகப் போட்டாள். பின்பக்கச் சிறகெல்லாம் முன்னால் திரும்பிய ஒரு கோழியைப் போட்டாள். ஒவ்வொரு மரத்திலும் ஆள் இடுப்பளவில் பால் வெட்டின சாய்கோட்டைப் போட்டு, முறிவை அதற்கு வெகு மேலே, ஆள் தலையைத் தாண்டிப் போட்டாள். அளவு தெரிய மரத்தடியில் ஒரு பெண்ணையும் நிறுத்தினாள். நடுவில் ஒன்றும் வரையவில்லை. மேற்கு எல்லையிலிருந்து வெறும் சுண்ணாம்பு வெள்ளையாக ஒரு பட்டை ஓடியது.

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. "என் கைய ஒடிச்ச மரம் இது," என்று மங்களம் ஒரு கோட்டைத் தொட்டுக் காட்டினாள். அது சரியாகத்தான் இருந்தது.

அடுத்த நாள் காலை ஆபீஸ் கிராணி கதிரவேலு அந்தப் பக்கமாக வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். துரை சொல்லச் சொல்ல ஆங்கிலத்தில் தட்டச்சு அடிப்பவர். எண்ணெய் வாரிய தலை, மடிப்புக் கலையாத வெள்ளைக் கோட்டு. கூலிகளிடம் நின்று பேசுகிற வழக்கம் அவருக்கு இல்லை. சுவரைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"இதைக் கீறினது ஆர்? நீயோ?"

மரத்தைக் கேட்கிறார் என்று நினைத்து இருளாயிக்கு ரத்தம் கொதித்தது.

"நான் ஒரு மரத்தையும் கீறலைங்க ஐயா! நாங்க பன்னெண்டு பேருமே கீறல!"

"மரத்தைச் சொல்லேல்லைப் பிள்ளை. படத்தைக் கேக்கிறன். எங்கட ஊரிலை கீறுறது எண்டால் வரையிறது."

"அப்ப நான்தாங்க."

அவர் கிட்டே போனார். "நடுவிலை ஏன் ஒண்டும் இல்லாமல் விட்டிருக்கிறாய்?"

"அதுதாங்க காத்து."

கதிரவேலு அந்த வெள்ளைப் பட்டையைக் கண்ணாலேயே தொடர்ந்தார். பங்களாவிலிருந்து பின்னோக்கி வந்து மேற்கு எல்லையில் நின்றார். தோட்டத்து வரைபடம் அவர் மேசையில்தான் இருக்கிறது. அங்கே என்ன இருந்தது என்று அவருக்கும் தெரியும். இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினார்.

"பெரிய துரை வாறதுக்கு முந்தி இதை அழிச்சுப்போடு. உன்ரை நல்லதுக்குச் சொல்லுறன்."

"ஐயா எழுதுன கடுதாசிய ஐயா அழிப்பீங்களா?"

அவர் முகம் கறுத்தது. விறுவிறுவென்று ஆபீஸ் பக்கம் நடந்தார்.

மத்தியானம் உடையப்பன் சுண்ணாம்பு வாளியோடு ஆளை அனுப்பிச் சுவரை வெள்ளையடித்தார். இருளாயி மறுபடி வரைந்தாள். மறுபடி அடித்தார்கள். மூன்றாம் தடவை வரைந்தபோது கங்காணி அவள் வீட்டு வாசலுக்கே வந்தார். அவளிடம் பேசவில்லை. ஐயாவுவைக் கூப்பிட்டு, லயம் முழுவதும் கேட்கிற மாதிரி, "பொண்டாட்டிய அடக்கத் தெரியாதவனுக்கு எதுக்குடா மீசை?" என்றார்.

ஐயாவு தலையைக் குனிந்துகொண்டான். இருளாயிக்கு வந்த கோபம் கங்காணி மேலா புருஷன் மேலா என்று அவளுக்கே தெரியவில்லை. 

மறுநாள் வேலை விட்டு வரும்போது அவன் கையில் ஒரு பழைய டின் இருந்தது. புகைக் கொட்டகைக் கூரையில் வருஷக் கணக்காகப் படிந்த புகையெண்ணெய், தார் மாதிரி கெட்டியாக, பழுப்பாக. அவள் முன்னால் வைத்தான்.

"இது சுண்ணாம்புக்கு அடங்காது," என்றான்.

அன்று அவள் வரைந்தது முன்னதைப் போல இரண்டு மடங்கு பெரியது. தேங்காய் நாரைத் தூரிகையாகக் கட்டிக்கொண்டு, ஐயாவு டின்னைப் பிடிக்க, சுவர் முழுவதையும் எடுத்துக்கொண்டாள். விட்டுப்போனதையெல்லாம் சேர்த்தாள். கத்தியே படாத மூன்று வயதுக் கன்றுகள், அதே பாதையில் வேரோடு விழுந்தவை. துரை பங்களா முற்றத்துக் கொடிமரம், அதுவும் கிழக்கே சாய்ந்து.

"கொடிமரம் வேணுமாக்கா?" என்று மங்களம் பயந்தாள்.

"காத்து அதையும் சாச்சுச்சுல்ல?"

கங்காணி சுண்ணாம்பு அடிக்க வைத்தார். மத்தியானத்துக்குள் கோடுகள் பழுப்பாகக் கசிந்து மேலே வந்தன. இரண்டாம் பூச்சு அடித்தார். வெயில் ஏறியதும் அதையும் துளைத்துக்கொண்டு வந்தன. நாலு பூச்சு ஆயிற்று. வெள்ளையில் பழுப்பாகத் தெரிந்த படம் கரியில் இருந்ததைவிடத் தெளிவாக இருந்தது.

பெரிய துரை வந்த அன்று, வேறு வழியில்லாமல் உடையப்பன் ஒரு யோசனை செய்தார். ஆட்கள் எல்லோரையும் அந்தச் சுவருக்கு முன்னால் நெருக்கி நிற்க வைத்தார். உயரமானவர்கள் பின்வரிசை. சுவர் மறைந்துவிட்டது. இருளாயி முன்வரிசையில் நின்றாள்.

பெரிய துரை வயதானவர். சிவந்த முகம், கைத்தடி. தோட்டத்துத் துரை பக்கத்தில் வந்தார். கதிரவேலு இரண்டடி பின்னால் ஒரு காகிதக் கட்டோடு வந்தார். அவர்கள் முதல் வரிசைக்கு நேராக வந்தபோது இருளாயி தரையில் உட்கார்ந்தாள்.

"ஏய், எழுந்திரு!" என்று கங்காணி பல்லைக் கடித்தார்.

மங்களம் உட்கார்ந்தாள். அவளுக்குப் பின்னால் நாலாம் நம்பர்க்காரர்கள் ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள். பிறகு மற்றவர்களும். கடைசி வரிசையில் ஐயாவு உட்கார்ந்தபோது சுவர் முழுவதும் வெளியே தெரிந்தது.

பெரிய துரை நின்றார். கைத்தடியால் சுவரைக் காட்டி ஏதோ கேட்டார். தோட்டத்துத் துரை சிரித்துக்கொண்டே பதில் சொல்லி, கையை வீசினார். பெரிய துரை நகரவில்லை. கதிரவேலுவைப் பார்த்தார்.

கதிரவேலு இருளாயியிடம் திரும்பினார். அவர் கழுத்தில் வியர்வை ஓடியது. "இது என்னெண்டு கேக்கிறார். சொல்லு."

இருளாயி எழுந்தாள்.  சுவரைக் காட்டினாள்.

"வெட்டு இங்க இருக்குங்க, இடுப்புக்கிட்ட. முறிஞ்சது அங்க, தலைக்கு மேல. நாங்க போட்ட காயமா இருந்தா காயத்துல முறியும். இந்தக் கன்னுகளப் பாருங்க, கத்தியே படாதது. அதுவும் போச்சு. எல்லாம் ஒரே பக்கம் விழுந்திருக்கு. காத்து இந்தக் கோடியிலருந்து வந்துச்சு. முன்னால அங்க காடு இருந்துச்சு. இப்ப இல்ல."

கதிரவேலு சுவருக்குப் பக்கத்தில் போய் அதை ஆங்கிலத்தில் சொல்ல ஆரம்பித்தார். வார்த்தைகள் அவளுக்குப் புரியவில்லை. அதனால் அவர் விரலையே பார்த்தாள். விரல் வெட்டைக் காட்டியது. முறிவைக் காட்டியது. கன்றுகளைக் காட்டியது. பிறகு நடுவில் தயங்கி நின்றது. தோட்டத்துத் துரை அவரை முறைத்தார். விரல் மெல்ல வெள்ளைப் பட்டை வழியே நகர்ந்து, மேற்குக் கோடி வரைக்கும் போயிற்று. அங்கேயே அழுந்தி நின்றது.

தோட்டத்துத் துரை உரக்க ஏதோ சொன்னார். கதிரவேலு அவளிடம், "காத்தை நீ கண்டனியோ எண்டு கேக்கிறார்," என்றார்.

"காணலைங்க. அது செஞ்சதக் கண்டேன். துரை அதையும் காணாமலேதான எழுதுனாரு?"

கதிரவேலு ஒரு விநாடி கண்ணை மூடித் திறந்தார். அதையும் சொன்னார்.

இருளாயிக்கு இனிமேல் இழக்க ஒன்றுமில்லை என்று தோன்றியது. "இன்னொண்ணும் கேளுங்க ஐயா. பங்களா கொடிமரம் சாஞ்சு கெடக்கு. அதையும் நாங்கதான் ஆழமா வெட்டிட்டோமா?"

உட்கார்ந்திருந்த கூட்டத்தில் ஒரு முனகல் ஓடியது. கதிரவேலு சொல்லி முடித்ததும் பெரிய துரையின் மீசைக்குக் கீழே ஏதோ அசைந்தது.  பங்களாவுக்குப் போக வேண்டியவர், கைத்தடியை ஊன்றிக்கொண்டு மேற்கு எல்லையைப் பார்த்து நடக்க ஆரம்பித்தார். தோட்டத்துத் துரை பின்னாலேயே ஓட வேண்டியிருந்தது.

யாரும் வந்து மன்னிப்புக் கேட்கவில்லை. துரையின் வேலையும் போகவில்லை. ஐந்தாம் நாள் பெரட்டில் உடையப்பன் கூடையைக் கொண்டுவந்து பதினொரு கத்திகளைத் திருப்பிக் கொடுத்தார். மங்களத்தின் கத்தியை, அவள் கை எலும்பு கூடும் வரை, அவள் புருஷன் வாங்கிக்கொண்டான். இருளாயியின் கத்தி கூடையிலேயே கிடந்தது.

"ஒனக்கு இல்ல. செவுத்தப் பாழாக்குனதுக்கு அதச் சொரண்டிச் சுத்தம் பண்ணு. துரைகிட்ட மன்னிப்புக் கேளு. அப்பறம் பாக்கலாம்."

"சொரண்ட மாட்டேன்," என்றாள். "பொய்ய வரைஞ்சிருந்தா நானே நாக்கால நக்கி அழிச்சிருப்பேன்."

"அப்ப புல்லு வெட்டிக்கிட்டுக் கெட."

அப்போது மங்களம் புருஷன் கையிலிருந்த கத்தியை வாங்கினாள். நல்ல கையால் அதைக் கூடையில் திருப்பிப் போட்டாள். அடுத்தவன் போட்டான். உலோகம் உலோகத்தில் விழும் சத்தம் பதினொரு தடவை கேட்டது.

அந்த வருஷம் ரப்பர் விலை ஏறிக் கிடந்தது. நாலாம் நம்பரில் மீதி நின்ற மரங்களில் இரண்டு நாள் ஒரு சொட்டுப் பால் இறங்கவில்லை. மூன்றாம் நாள் இருளாயியின் கத்தியும் வெளியே வந்தது. மன்னிப்பைப் பற்றி யாரும் பேசவில்லை.

சுவரைச் சுரண்ட ஒருவரும் கை வைக்காததால், துரை அந்தப் பலகைகளையே பிடுங்கிப் புதுப் பலகை அடிக்கச் சொன்னார். கதிரவேலுவை மாதக் கடைசியில் வேறு தோட்டத்துக்கு மாற்றினார்கள். போகிற அன்று மாட்டு வண்டியில் பெட்டியோடு உட்கார்ந்திருந்தவர், புல்வெளி ஓரமாக வந்துகொண்டிருந்த இருளாயியைப் பார்த்து, எல்லோர் முன்னிலும் தொப்பியைக் கழற்றித் தலையசைத்துவிட்டுப் போனார். அவளுக்கு அது வருத்தமாக இருந்தது. அன்று அவரிடம் கடுதாசியைப் பற்றி அப்படிக் கேட்டிருக்க வேண்டாமோ என்று ஒரு நிமிஷம் நினைத்தாள். பிறகு, கேட்டது சரிதான் என்று முடிவு செய்தாள்.

உடையப்பன் மட்டும் விடவில்லை. கத்தி திரும்பக் கிடைத்து அவள் வெட்டப் போன முதல் காலையில் ஒவ்வொரு மரமாகப் பின்னாலேயே வந்து, விளக்கை உயர்த்தி, வெட்டில் காயம் இருக்கிறதா என்று நோண்டிப் பார்த்தார். ஆறு மரம் வரைக்கும் இருளாயி பொறுத்தாள். ஏழாவது மரத்தில் திரும்பி, கத்தியின் கைப்பிடி அவர் பக்கம் இருக்கும்படி நீட்டினாள்.

"ஒரு வெட்டு போட்டுக் காட்டுங்க கங்காணி. பாத்துக் கத்துக்கறேன்."

வரிசைகளில் ஆங்காங்கே வெட்டிக்கொண்டிருந்தவர்களின் விளக்குகள் நின்றன. உடையப்பன் கத்தியைப் பார்த்தார். மரத்தைப் பார்த்தார். அவர் கத்தி பிடித்து இருபது வருஷமாயிற்று. ஏதோ முணுமுணுத்துக்கொண்டு, ஸ்டோரில் வேலை இருப்பதாகச் சொல்லிவிட்டு நடந்தார்.

இருளாயி அவர் போவதைப் பார்த்துக்கொண்டு நிற்கவில்லை. வெயில் ஏறுவதற்குள் வெட்ட இன்னும் இருநூறு மரம் இருந்தது.